கொடிமரத்தடி மண்

அனுமந்தன்பட்டியில் முப்பத்தோரு வருடம் பிரசவம் பார்த்த ஆரோக்கியம்மாளுக்கு எழுத்துத் தெரியாது. 1891 பிப்ரவரி 3, செவ்வாய்க்கிழமை, வியாகுலமேரியின் மூன்றாவது குழந்தையைப் புதைத்துவிட்டுக் கல்லறையிலிருந்து நேராக, மாதா கோயில் பதிவேடு எழுதும் உபதேசியார் ஞானமுத்துவின் வீட்டுக்குப் போனாள்.

"சாவுப் புத்தகத்த எடுங்க. பச்சைப் பிள்ளைக செத்தத மட்டும் வாசிங்க. பேரு வேணாம், எத்தன நாளுப் பிள்ளைன்னு வாசிங்க."

அவர் வாசித்தார். ஏழு நாள். எட்டு நாள். மறுபடியும் எட்டு நாள். பன்னிரண்டு வருடத்தில் நாற்பத்தாறு குழந்தைகள். அவற்றில் முப்பத்து நான்கு, ஆறாம் நாளுக்கும் பத்தாம் நாளுக்கும் நடுவில். எல்லாம் ஒரே சாவு. வாய் பூட்டிக்கொள்ளும், பால் இறங்காது, உடம்பு வில்லாக வளையும்.

"எழுதி எழுதி வச்சீகளே, ஒரு தடவையாச்சும் கூட்டிப் பாத்தீகளா?"

"ஆண்டவர் சித்தம், ஆரோக்கியம்."

"நம்ம தெருவுக்கு மட்டுமா சித்தம்? ஒச்சாண்டி சாமி கும்புடுறவுக தெருவுலயும் இதே கைதான் கொடி அறுக்குது. அங்கன ஏன் சாகல?"

அங்கே அறுத்த தொப்புளில் பொசுக்கிய துணியை வைத்துக் கட்டுவாள். இங்கே கோயில் கொடிமரத்தடி மண்ணைச் சாமி மண் என்று அப்புவார்கள். சாமியாரிடம் மந்திரிக்கக் கொண்டுவரும் மாடுகளை எல்லாம் தை மாதத்தில் அந்தக் கொடிமரத்தைச் சுற்றித்தான் கட்டுவார்கள். சாணமும் மூத்திரமும் ஊறிய மண். அத்தனை பிள்ளைக்கும் அதை அப்பியது அவள் கை. அந்த நினைப்பு வந்ததும் உபதேசியார் மேலிருந்த கோபம் முழுக்கத் தன் மேலேயே திரும்பியது.

மறு வருடம் மார்ச் 14, திங்கட்கிழமை, வியாகுலமேரிக்கு நாலாவது பிள்ளை பிறந்தது. கத்தியைக் கொதிக்கவைத்து அறுத்தாள். வெற்றிலையில் மண்ணோடு வாசலில் நின்றான் தகப்பன் அமிர்தராஜ்.

"ஏலே, மூணுக்கு வச்சியே, மூணும் எங்கன கெடக்கு?"

"சாமி மண்ணப் பழிக்காத, அத்தே."

"சாமியையா பழிச்சேன்? மாட்டு மூத்திரத்தப் பழிச்சேன். வாசப்படி தாண்டுன, காலை ஒடிச்சிருவேன்."

பத்து நாள் பிள்ளையை விட்டு அகலவில்லை. பிறர் கையைத் தொப்புள் பக்கம் அண்டவிடவில்லை. ஆறாம் நாள் கொடி உதிர்ந்தது. எட்டாம் நாள் வியாகுலமேரி அழுதுகொண்டே முலை கொடுத்தாள். பிள்ளை சப்புக்கொட்டிக் குடித்தது. பதினோராம் நாள்தான் ஆரோக்கியம்மாள் தன் வீட்டுக்குப் போகக் கிளம்பினாள்.

எதிரே அமிர்தராஜ். கையில் மறுபடியும் வெற்றிலை, மண்.

"எதுக்குடா இது?"

"பக்கத்து வீட்டுல பிள்ள பொறந்திருக்குல்ல, அத்தே. இந்த மண்ண வாசல்ல வச்சு நான் நேந்துக்கிட்டதாலதான எம்புள்ள பொழச்சுது? அவுகளும் வையட்டுமேன்னு..."

அவன் கையில் ஓங்கி ஒரு அடி. வெற்றிலை தெருவில் விழுந்தது.

அன்று உச்சிவெயிலில், தன் வீட்டுச் சுவர் கட்ட வாங்கி வைத்திருந்த செங்கல்லையும் சுண்ணாம்பையும் தலைச்சுமையாக நாலு நடை கொண்டுவந்து, கொடிமரத்தடியில் இறக்கினாள். மண்ணே தெரியாதபடி சுற்றிலும் செங்கல் பாவிக் காரை பூசினாள். ஞானமுத்து ஓடிவந்தார்.

"சாமியாரக் கேக்காம என்ன வேலை இது? அவுக வந்து கேட்டா நான் என்ன சொல்ல?"

"முப்பத்து நாலையும் வாசிச்சுக் காட்டுங்க. அதுக்குக் கீழ எம்பேரையும் எழுதுங்க. மண்ண அப்புனவளும் நான்தான், மூடுனவளும் நான்தான்."

ஈரக் காரையில் அவர் கால் படப்போனது. "தள்ளி நில்லுங்க!" என்று கத்தினாள்.