சிம்னி இரண்டும் ஒன்றாகும் இடம்

இரண்டாயிரத்து எட்டாம் வருடம், தை மாதம். எண்ணூர் நெட்டுக்குப்பத்தில் என் அக்காள் புருஷனின் ஃபைபர் படகில் நான் வேலை செய்துகொண்டிருந்தேன். அவரை மாமா என்றுதான் கூப்பிடுவேன். எட்டாவதோடு என் படிப்பு நின்றுவிட்டது. ஆனால் எழுத ஆசை. நோட்டில் கதை எழுதி நாலைந்து முறை பத்திரிகைகளுக்கு அனுப்பியிருக்கிறேன். பதில் வந்ததில்லை. வீட்டில் யாருக்கும் இது தெரியாது. தெரிந்தால் சிரிப்பார்கள்.

அந்த மாதம் பெரிய மீன் ஒன்று இழுத்ததில் தூண்டில் நரம்பு என் வலது உள்ளங்கையை அறுத்துவிட்டது. மூன்று வாரம் கடலுக்குப் போகக்கூடாது என்றார்கள். கட்டு மாற்ற திருவொற்றியூர் போவேன். ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் ஒரு பிரவுசிங் சென்டர். அங்கே வேலை செய்த பெண் கம்ப்யூட்டரில் தமிழில் ஏதோ படித்துக்கொண்டிருந்தார். பத்திரிகையா என்று கேட்டேன்.

"இல்லண்ணா, பிளாக். யாரு வேணா எழுதலாம்."

"எழுதுனா வேணாம்னு தள்ளிட மாட்டாங்களே?"

"தள்ளறதுக்கு அங்க ஆளே கெடையாதுண்ணா" என்று சிரித்தார்.

அவர்தான் எனக்கு ஒரு பிளாக் திறந்து கொடுத்தார். ஏ பி சி டி தெரியும், அவ்வளவுதான். அதில் அடித்தால் தமிழாக மாறும் என்று காட்டினார். இடது கையில் ஒரு விரலால் அடித்தேன். அரைப் பக்கம் முடிய நாலு நாள் ஆனது.

என்ன எழுதுவது? எனக்கு அழகாகத் தெரிந்தது ஒன்றுதான். அதை எழுதினேன்.

கடலுக்கு அடியில் ஒரு பாறைத்திட்டு உண்டு. நாங்கள் பார் என்போம். பாரில்தான் சங்கரா, கலவான் மீன்கள் தங்கும். அந்தப் பாரை அப்போது எங்கள் குப்பத்தில் மாமா ஒருவருக்குத்தான் தெரியும். படகில் ஜி.பி.எஸ். கிடையாது. கரையைப் பார்த்தே இடம் பிடிப்பார். மின் நிலையத்துச் சிம்னி இரண்டும் ஒன்றுக்குப் பின்னால் ஒன்று மறைந்து ஒரே சிம்னியாகத் தெரிய வேண்டும். அதே நேரம் தெற்கே கோவில் கோபுரம் தண்ணீர்த் தொட்டிக்கு நேர் மேலே வந்து நிற்க வேண்டும். அங்கே இஞ்சினை நிறுத்தினால் கீழே பன்னிரண்டு பாக ஆழத்தில் பார். இங்கே இதை எழுதுவதில் இப்போது யாருக்கும் நஷ்டமில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

எங்கள் பக்கம் ஒருவரை ஒருவர் இடம் கேட்க மாட்டோம். கேட்டால் சண்டை வரும். வேறு படகு பின்னால் வந்தால் மாமா பாருக்கே போக மாட்டார். மீனே இல்லாத இடத்தில் தூண்டிலைப் போட்டு, அந்தப் படகு சலித்துப் போகும்வரை பீடி பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். இதெல்லாம் எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் எழுதும்போது அது இடமாகத் தோன்றவில்லை. இரண்டு சிம்னி ஒன்றாவது ஒரு நல்ல வரியாகத் தோன்றியது. கம்ப்யூட்டரில் கிடப்பதைக் குப்பத்தில் யார் பார்க்கப்போகிறார்கள் என்றும் நினைத்தேன்.

ஒரு வாரம் கழித்துப் போனபோது கீழே ஒருவர் பதில் எழுதியிருந்தார். துபாயில் வேலையாம். படித்ததும் ஊர்க் கடல் கண்ணுக்கு முன்னால் வந்துவிட்டது என்று எழுதியிருந்தார். அந்தப் பெண் அதை என் எழுத்தோடு சேர்த்துப் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தார். நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

மறுநாள் கடல் சரியில்லை. எல்லாரும் வலைக் கொட்டகையில் உட்கார்ந்திருந்தோம். மாமா இல்லை, இஞ்சின் சாமான் வாங்க வண்ணாரப்பேட்டை போயிருந்தார். பக்கத்துப் படகுக்காரர் ஒருவர் என் பையிலிருந்து எட்டிப் பார்த்த காகிதத்தைப் பார்த்துவிட்டார்.

"இன்னா மாமு, லவ் லெட்டரா?"

"இல்ல. நான் எழுதுனது."

"நீயா? டேய், இவன் எய்த்தாளனாம்டா! படி நைனா, கேப்போம்."

கேலிதான். ஆனாலும் படித்தேன். பாதியில் சிரிப்பு நின்றது. எல்லாரும் கேட்டார்கள். முடித்ததும் அந்தப் படகுக்காரர் சொன்னார்:

"சோக்கா கீதுபா. அந்த சிம்னி ஒண்ணாவுற எடம் வருது பாரு, அத்த இன்னொரு தபா படி."

படித்தேன்.

"கோபுரம் எங்க வருதுன்ன?"

அதையும் படித்தேன். மொத்தம் மூன்று முறை. என் எழுத்தை இன்னொரு முறை படி என்று யாரும் கேட்டதில்லை. அன்றைக்குத் தரையில் கால் பாவவில்லை.

கை ஆறி, கடல் அடங்கிய முதல் நாளே நானும் மாமாவோடு போனேன். சிம்னிகள் இரண்டும் நெருங்கி வந்தன. மாமா இஞ்சினைக் குறைத்தார். எதிரே ஐந்து படகுகள். பாருக்கு மேலேயே வலையைப் போட்டிருந்தார்கள். ஒன்றிலிருந்து அந்தப் படகுக்காரர் கையை ஆட்டினார். ஒளிவுமறைவு ஒன்றும் இல்லை, சந்தோஷம்தான்.

"நைனா! நீ எய்துனது கரீட்டா கீதுபா!"

மாமா என்னைப் பார்த்தார்.

"இன்னா எய்துன?"

சொன்னேன். பிளாக், பிரிண்ட், கொட்டகையில் படித்தது, எல்லாம். மூன்று முறை படித்ததையும் சொன்னேன். கேட்டுவிட்டு அவர் இஞ்சினை வேகப்படுத்தினார். படகைத் திருப்பினார். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அன்று மீன் இல்லை. ஏன் என்று அக்காள் கேட்டாள்.

"தண்ணி சரியில்ல" என்றார். என் பேரை அவர் எடுக்கவில்லை. இன்றுவரை அக்காளுக்குத் தெரியாது.

பாரில் மாமா தூண்டில் மட்டும்தான் போடுவார். வலை போட்டால் பாறையில் மாட்டிக் கிழிந்து அங்கேயே நிற்கும். பிடிக்க ஆளில்லாமலே அது மீனைக் கொன்றுகொண்டிருக்கும். அப்படித்தான் ஆனது. மழைக்காலம் வருவதற்குள் அங்கே ஒன்றும் இல்லை. வலை போட்டவர்களும் வருவதை விட்டுவிட்டார்கள். வீட்டுக்குச் சோறு போட்ட இடம்.

திருவொற்றியூர் போய் எழுதியதை அழிக்கச் சொன்னேன்.

"ஏண்ணா? நல்லா இருந்துச்சே" என்றார் அந்தப் பெண்.

"நல்லாத்தான் இருந்துச்சும்மா" என்றேன். அழித்தார். துபாய்க்காரர் எழுதியதும் சேர்ந்து போய்விட்டது.

மாமா என்னைப் படகிலிருந்து இறக்கவில்லை. வேறு இடம் தேடி அலைந்தோம். ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. கடைசியில் ஒன்று கிடைத்தது. அதற்குப் போகும்போது மாமா சொன்னார்:

"மச்சான், கடல் பக்கம் திரும்பி உக்காரு."

திரும்பி உட்கார்ந்தேன். அவர் கரையைப் பார்த்து இடம் பிடித்தார். மறுமுறையிலிருந்து அவர் சொல்லவேண்டியிருக்கவில்லை. இஞ்சின் சத்தம் குறைந்ததும் நானே திரும்பிக்கொள்வேன். அந்த இடத்துக்குக் கரையில் என்ன அடையாளம் என்று எனக்கு இன்றும் தெரியாது.

எழுதுவதை விடவில்லை. ஆனால் ஒரு வரி ரொம்ப நன்றாக வந்துவிட்டால் பயம் வருகிறது. இது என்னுடையதா, அடுத்தவருடைய சோறா என்று நாலு நாள் வைத்திருந்து பார்க்கிறேன். சில வரிகளை வெளியே விடாமலே வைத்துக்கொண்டிருக்கிறேன். நான் எழுதியதில் நல்லவை அவைதான் என்று நினைக்கிறேன்.