ஓரகத்தி வீட்டுத் தரை

துருக்கியின் கடுங்குளிர் ஊரான எர்ஸுரூமில் சபிஹா பின்னும் கம்பளிக் காலுறைக்கு உறவுக்காரர்களிடம் நல்ல பேர். யார் வீடு வாங்கினாலும் ஒரு ஜோடி கொண்டுபோவாள். ஓரகத்தி நெர்மின் வாங்கியபோதும் கொண்டுபோனாள். வாசலில் பூட்ஸைக் கழற்றிவிட்டு உள்ளே காலை வைத்ததுமே இளஞ்சூடு ஏறியது.

"காலுறையா? எதுக்குக்கா சிரமம்? தரையைப் பேத்து அடியில வெந்நீர்க் குழாய் போட்டிருக்கோம். வெறுங்காலோட நடந்து பாருங்க!"

சபிஹா சிரித்தாள். அவள் வயிறு எரிந்த எரிச்சலில் ஒரு சமோவார் தேநீரே கொதித்திருக்கும்.

அவளும் கணவன் ஜெவாத்தும் அப்போது வீடு தேடிக்கொண்டிருந்தார்கள். தரைச்சூடு போட அவர்களுக்குக் கட்டுப்படியாகாது. ஜெவாத்துக்குப் பிடித்தது ஒரு நடுமாடி வீடு. தெற்குப் பார்த்தது, கட்டடம் முழுவதற்கும் ஒரே கொதிகலன், மேலும் கீழும் ஆள் குடியிருக்கிறார்கள். சபிஹாவோ நெர்மின் வீட்டுக்கு நேர்மேலே காலியாக இருந்த வீட்டைப் பிடித்துக்கொண்டாள். அதில் அறையைச் சூடாக்கச் சுவரோரம் வெறும் ரேடியேட்டர்தான்.

"கடைசி மாடிடி அது. தலைக்கு மேல பனி. இந்த ஊர்ல எவனாவது வாங்குவானா?"

"கீழே அவ ரொட்டியடுப்பு மாதிரி எரிக்கிறா. சூடு மேலேதானே ஏறும்? அவ எரிக்கட்டும், நாம குளிர் காய்வோம்."

"நீ வீடு வாங்குறியா, பழி வாங்குறியா?"

இருந்த சேமிப்பெல்லாம் அதில் போயிற்று. வாங்கியது சபிஹா சொன்ன வீட்டைத்தான்.

முதல் பனி விழுந்த அன்று நெர்மின் பெட்டியும் சாவியுமாக வாசலில் நின்றாள்.

"அந்தால்யாவுக்கு மக வீட்டுக்குப் போறோம்க்கா, அங்க இந்தக் குளிரில்ல. இங்க பனி உருகினாத்தான் வருவோம். செடிக்குக் கொஞ்சம் தண்ணி ஊத்துங்க. ஹீட்டரை அணைச்சாச்சு."

"அணைச்சாச்சா? குழாய் உறைஞ்சிடப் போகுது!"

"அதான் மேலே நீங்க இருக்கீங்களே! உங்க வீட்டுச் சூடே எங்களுக்குப் போதுமாம். உங்க கொழுந்தன்தான் சொன்னாரு."

அன்று முதல் சபிஹா வீட்டு ரேடியேட்டர் ஓயாமல் ஓடியது. அப்படியும் தரை சில்லிட்டது. ஜெவாத் கோட்டைக் கழற்றாமலே தேநீர் குடித்தார்.

"இன்னும் கொஞ்சம் கூட்டி வைடி. பாவம், நெர்மினோட செடிக்குக் குளிரும்."

அவள் சாவியை எடுத்துக்கொண்டு கீழே போனாள். ஜெரேனியம் பூச்செடி வாடாமல் நின்றது. அலமாரியில் அவள் கொடுத்த காலுறை மடிப்புக் கலையாமல் கிடந்தது. அந்தத் தரையிலேயே உட்கார்ந்து, போட்டிருந்த காலுறைக்கு மேல் அதையும் மாட்டிக்கொண்டாள்.