இஸ்திரி போட்ட ஐந்தாவது நிறம்

எங்கள் அச்சுக்கடையில் மிச்சமிருந்தது, மை இறங்கும் பட்டுத்துணி இழுத்துக் கட்டிய ஒரே ஒரு மரச்சட்டம். போர்க்காலம், புதிய பட்டு எந்தக் கப்பலிலும் வரவில்லை. பஞ்சுப் பொதிகளுக்கான துணியில் முத்திரை அச்சிட வைத்திருந்த அந்த ஸ்கிரீனில், தான் ஒரு படம் அச்சிடப் போவதாகச் சொன்னான் புன்னைக்காயல்காரன் ரொசாரியோ. எங்களிடம் ஸ்குவீஜி என்னும் ரப்பர் பட்டையால் மையை இழுப்பவன் அவன், மேற்பார்வை என்னுடையது.

முதலாளி அண்ணாச்சி அவனுடைய மாதிரித் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“ஏலே, இதுல ஆளு எங்க? மரம் எங்க?”

“ஒண்ணும் கெடையாது அண்ணாச்சி. நெறம் மட்டுந்தான். ஒண்ணுமேல ஒண்ணு விழுததுதான் படம்.”

“அடுத்த வாரம் பொதி வருது. அதுக்குள்ள அடிச்சுக்க. பத்துத் தாளும் ஒண்ணுபோல இருக்கணும். பிசகிச்சுன்னா இனி பட்டத் தொடப்பிடாது.”

நாளுக்கு ஒரு நிறம். ஸ்டென்சில் தாளை வெட்டிப் பட்டில் ஒட்டி, அச்சிட்டு, பட்டைக் கழுவி, மறுநாள் அடுத்தது. பொதி முத்திரை ஒரு விரற்கடை தள்ளி விழுந்தால் பஞ்சு கோபித்துக்கொள்ளாது. இங்கே ஊசிமுனை பிசகினாலும் இரண்டு நிறத்துக்கு நடுவே வெள்ளைக் கோடு பல்லைக் காட்டும்.

மூன்றாம் நாள், மஞ்சள்மேல் கண்ணாடிபோல் மெலிந்த நீலம் படிந்தது. எந்த டப்பாவிலும் நாங்கள் கலக்காத பச்சை ஒன்று தாளில் எழுந்தது. கறுப்பு மையைத் தவிர எதையும் மதிக்காத நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன்.

ஐந்தாம் நாள், கடைசி நிறம் சிவப்பு. ஏழு தாள் முடிந்திருந்தபோது ஈரக் கடல்காற்று வழக்கத்தைவிடச் சீக்கிரமே ஏறியது. எட்டாவது தாளைச் சட்டத்தின் கீழ் வைத்த ரொசாரியோ கையை எடுத்துவிட்டான்.

“சார், தாளு ஈரத்துல ஊறி விரிஞ்சிட்டு. ஓரம் சேரல.”

வெயிலில் வைத்தால் அப்பளமாகச் சுருளும். ஓடிப்போய் எதிர்க்கடை கரி இஸ்திரிப் பெட்டியை வாங்கி வந்தேன். மேலே வேட்டித் துணி போட்டு, தாளின் முதுகில் ஈரம் போகும் அளவுக்குத் தேய்த்தேன். ஆறுவதற்குள் அவன் சிவப்பை இழுத்தான். ஓரம் சேர்ந்தது.

பத்தாவதைத் தேய்க்கும்போது அண்ணாச்சி உள்ளே வந்தார். “என்ன சார், இஸ்திரிக் கடையும் தொறந்தாச்சா?”

“சட்டையக் கழத்திப் போடுங்க அண்ணாச்சி, கையோட முடிச்சிருதேன்.”

அவர் முதல் தாளையும் கடைசித் தாளையும் தூக்கிப் பக்கத்தில் பக்கத்தில் பிடித்தார். வெகுநேரம் பார்த்தார். ரொசாரியோ கையிலிருந்த மையைத் துடைக்கவே மறந்து நின்றான்.

“பொதிக்குப் பழைய தகர அச்சே போதும்லே,” என்றார் அண்ணாச்சி. “பட்டு ஒங்கிட்டயே இருக்கட்டும்.”

கடலோரத்தில் பல நிறம் அச்சிடும் இளையவர்களே, முதல் நிறத்துக்கு முன்பே தாளைத் தொங்கவிட்டுக் கடல்காற்றின் ஈரத்துக்குப் பழக்குங்கள். நாங்கள் அதைக் கற்ற பிற்பகலே, அடுத்த படத்தை எந்த நிறத்தில் தொடங்குவது என்று சண்டை போட ஆரம்பித்திருந்தோம்.