சப்பாத்தி சுடுகிறவரின் மகள்

என் கணவர் ராணுவத்தில் சமையல்காரர். உத்திரமேரூர் பக்கம் எங்கள் காலனியிலிருந்து பட்டாளத்துக்குப் போன முதல் ஆள். அந்தக் காலனிக்குள் ஒருநாளும் கால் வைக்காத ஊர் நலச் சங்கத் தலைவர் ஒருவர், போன சுதந்திர தினத்துக்கு முன்பு தெருமுனையில் காரை நிறுத்தி, ஆள் விட்டு என்னைக் கூப்பிட்டார். கண்ணாடியைப் பாதிதான் இறக்கினார்.

"ராணுவ வீரருங்க பசங்கள கவுரவிக்கப் போறோம்மா. உன் பொண்ண இட்டுனு வந்துடு. டிரஸ் நாங்களே குடுக்கறோம்."

அவளுக்கு என்ன வேண்டும் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். என் மகளுக்கு எட்டு வயது. மலைமேல் முகாமில் அவள் அப்பாவுக்கு மதியம்தான் சிக்னல் கிடைக்கும். அந்நேரம் இவள் பள்ளிக்கூடத்தில் இருப்பாள். சனி, ஞாயிறுகளில் விசேஷச் சமையல்; அவரால் அடுப்பை விட்டு நகர முடியாது. அப்பா குரலைக் கேட்டே பல வாரம் ஆகியிருந்தது.

விழா கல்யாண மண்டபத்தில் நடந்தது. வாலாஜாபாத்தில் வாடகைக்கு எடுத்த பச்சை ராணுவ உடுப்பு. அவளோடு இன்னொருத்தியும் உள்ளே நுழையலாம், அவ்வளவு தொளதொள. கையில் மரத்துப்பாக்கி. சிறப்பு விருந்தினர் வரும்வரை பிள்ளைகளை வாசலில் வெயிலில் நிற்க வைத்தார்கள். அவர் வந்ததும் எல்லோரும் அவருக்குச் சால்வை போட்டார்கள். தலைவர் தன்னைப் பற்றியே பேசினார். மகளின் பள்ளித் தலைமையாசிரியர், நாட்டுக்காக உயிரையே கொடுக்கலாம், அதுதான் தியாகம் என்று முழங்கிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஈரம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

பிறகு தலைவர் என் மகளின் வாய்க்கு நேரே மைக்கை நீட்டினார்.

"பாப்பா, உங்கப்பா எல்லையில இன்னா பண்றாரு?"

"சமைக்கிறாரு."

கொஞ்சம் சிரிப்பு. அவருக்கோ வீரவசனம் வேண்டும்.

"அது இல்லம்மா. எதிரி வந்தா சுடுவாரா, மாட்டாரா? சத்தமா சொல்லு!"

"சப்பாத்தி சுடுவாரு. நெறைய சுடுவாரு."

சிரிப்பில் மண்டபமே அதிர்ந்தது. தலைவர் மைக்கைப் பிடுங்கிக்கொண்டு, மேடையோரம் நின்ற என்னிடம் குனிந்து, "சொல்லிக் குடுத்து இட்டாந்திருக்கக் கூடாதா? மானம் போவுது," என்று பல்லைக் கடித்தார். தன் அப்பாவின் வேலையைச் சொன்னதற்கு ஏன் சிரிக்கிறார்கள் என்று அவளுக்குப் புரியவில்லை. உதடு கோணியது. பனியில் காவல் நிற்கிறவனும் சாப்பிட்டால்தான் நிற்பான் என்பது, விருந்துச் சாப்பாட்டுக்காகக் காத்திருந்த அந்தக் கூட்டத்துக்கு உறைக்கவில்லை.

நான் மேடையேறினேன். மரத்துப்பாக்கியை வாங்கித் தலைவர் நாற்காலியில் போட்டேன். மகளின் கையைப் பிடித்துக்கொண்டு தலைமையாசிரியர் முன்னால் நின்றேன்.

"சார், மத்தியான சாப்பாட்டு பெல்லுல இவ அப்பாகிட்ட போன்ல பேச வுடுங்க. பத்து நிமிஷம் போதும். சால்வ, ஷீல்டு எதுவும் வாணாம்."

"ஸ்கூல்ல போனுக்கு அனுமதி இல்லம்மா. ரூல்ஸ்."

நாட்டுக்காக உயிரையே கொடுக்கலாம் என்று சற்றுமுன் முழங்கிய அதே வாய். எனக்குக் கோபம்கூட வரவில்லை. ஒரு மனிதன் இவ்வளவு மலிவாகவும் இருக்கலாம் என்றுதான் தோன்றியது.

வெளியே வந்தபோது, எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த மகளின் வகுப்பாசிரியை பின்னால் ஓடி வந்தார்.

"திங்கக்கெழம மத்தியானம் போன எடுத்துனு ஸ்கூல் கேட்டாண்ட வந்து நில்லுங்க. பொண்ண நான் வெளிய அனுப்பறேன். எச்.எம். கேட்டா நான் பேசிக்கறேன்."

"உங்களுக்குப் பேஜார் ஆயிடப் போவுது டீச்சர்."

"ஆவட்டும்."

திங்கட்கிழமை சாப்பாட்டு மணி அடித்ததும் மகள் தட்டோடு வந்துவிட்டாள். பள்ளிச் சுவரோரப் புங்கமர நிழலில் உட்கார்ந்து போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். அந்த உடுப்பு அரித்ததை முதலில் சொன்னாள். பிறகு, "இன்னிக்கி அங்க இன்னா கொழம்புப்பா?" என்று கேட்டாள். அவர் சொல்லச் சொல்ல அவள் சாப்பிட்டாள். தலைமையாசிரியர் சன்னலிலிருந்து எங்களைப் பார்த்தார். நான் பார்ப்பது தெரிந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மறுபடி மணி அடித்தது. அவள் போனைத் தரவில்லை; வாசலில் நின்ற ஆசிரியையும் அவசரப்படுத்தவில்லை.