வீட்டுக்கு ஒரு புளியங்கொட்டை

அப்பாதுரைக்குக் கை நீளம். திருட்டுக் கை என்று எண்ணிவிடாதீர்கள், நிஜமாகவே நீளம். விழுப்புரத்தில் ஒரு கமிஷன் மண்டியில் தொண்ணூற்று மூன்றிலிருந்து மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை மூட்டைகளைச் சோதிக்கிற வேலை அவருக்கு. மற்றவர்கள் மூட்டையின் வாயைப் பிரித்து மேலாக ஒரு கை அள்ளிப் பார்ப்பார்கள். அவர் தோள்பட்டை வரை உள்ளே விட்டு அடியில் கிடக்கிற காயை எடுப்பார். பத்து மூட்டையில் இரண்டில் மேலே நல்ல சரக்கும் அடியில் சொத்தையும் மண்ணும் இருக்கும். மீதி எட்டையும் அந்த இரண்டைப் போலவேதான் அவர் பார்த்தார். மனிதர்களையும் அப்படித்தான்.

தீர விசாரிப்பதே மெய் என்பார்கள். அப்பாதுரை தீர விசாரித்த பிறகும் நம்ப மாட்டார். பெண் பார்க்கும் முன்னால் மல்லாட்டை வியாபாரி போல மயிலத்துக்குப் பக்கத்தில் இருந்த பெண்ணின் ஊருக்கே போய் வந்தவர் அவர். அங்கே களத்தில் அந்தப் பெண் சௌந்தரம் வேறொரு வியாபாரியோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். தராசுத் தட்டின் அடியில் அவன் புளியை அப்பியிருந்ததைக் கண்டுபிடித்துவிட்டாளாம். இவள் யாரிடமும் ஏமாற மாட்டாள் என்று அப்பாதுரைக்கு ஒரே சந்தோஷம். இவ்வளவு விவரமானவள் நம்மை ஏமாற்றாமல் விடுவாளா என்ற கவலை பஸ் ஏறுவதற்குள் வந்துவிட்டது. ஆனாலும் கட்டிக்கொண்டார்.

கெடாரிலிருந்து சைக்கிள் மிதிக்கிற தூரத்தில் அவர்கள் ஊர். மேலத்தெரு, கீழத்தெரு என்று இரண்டே தெரு; அப்பாதுரை வீடு மேலத்தெருவில். இரண்டாயிரத்து ஆறில் ஊராட்சித் தேர்தல் வந்தபோது பிரசிடெண்ட் பதவி பெண்களுக்கு என்று ஆனது. ஒரு தெருவிலிருந்து இரண்டு பேர் நின்றால் ஓட்டு பிரிந்து அடுத்த தெரு ஜெயித்துவிடும். அதனால் மனு போடுவதற்கு முன்பே தெருவுக்குள் ஒருவரைத் தேர்ந்தெடுத்துக்கொள்வது வழக்கம். வீட்டுக்கு ஒரு புளியங்கொட்டை. வீட்டின் ஆம்பளை கோயில் அறைக்குள் தனியாகப் போய், தனக்குப் பிடித்தவரின் பானையில் போட்டுவிட்டு வர வேண்டும். பெண்கள் நிற்கிற பதவிக்கும் ஆண்கள்தான் கொட்டை போட வேண்டுமா என்று யாரும் கேட்கவில்லை.

செங்கல் சூளைக்காரரின் மனைவி பரிமளா நிற்பது முதலிலேயே முடிவாகியிருந்தது. அவளை எதிர்த்து யார் என்று தெரு தேடிக்கொண்டிருந்தபோது, மகளிர் குழுத் தலைவியான சௌந்தரம் நான் நிற்கிறேன் என்றாள். கல்யாணமாகிப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகியும் அப்பாதுரையிடம் அவள் அதைக் கேட்டுச் செய்யவில்லை. செய்துவிட்டுச் சொன்னாள்.

டீக்கடையில் ஒரு வாரம் இதே பேச்சு. சௌந்தரம் பத்து கொட்டை தாண்டுவாளா என்பதுதான் விவாதம். தாண்ட மாட்டாள் என்று அடித்துச் சொன்னவர் அவள் புருஷனேதான். சூளைக்காரர் தயவு இல்லாமல் தெருவில் ஒரு வீடு எழும்பியிருக்கிறதா, யாருக்குத் துணிச்சல் வரும் என்று வீடு வீடாக எண்ணிக் காட்டினார். கேட்டவர்கள் ஆமாம் ஆமாம் என்றார்கள். பாண்டுரங்கன் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை.

"இருவது தாண்டுவாங்க அண்ணி. வேணும்னா பார்த்துக்கினே இருங்க" என்றான்.

பாண்டுரங்கன் சூளைக்காரரின் லாரி ஓட்டுகிறவன். அவர் உப்பைத் தின்கிறவன் எதிராளியைப் புகழ்கிறானென்றால் என்ன அர்த்தம்? சோழியன் குடுமி சும்மா ஆடாது. அப்பாதுரை அன்று மண்டியில் காயை உடைத்துக்கொண்டே யோசித்தார். பாண்டுரங்கனுக்குக் கீழத்தெருவில் மைத்துனன் இருக்கிறான். பணபலம் இல்லாத சௌந்தரத்தை மேலத்தெரு நிறுத்தினால் கீழத்தெருவுக்குக் கொண்டாட்டம். ஆக, தன் மனைவியைப் பலியாடாக்கப் பார்க்கிறார்கள். இந்தக் கணக்கு எல்லாப் பக்கமும் சரியாகப் பொருந்தியது. பொருந்தாதது ஒன்றுதான். பாண்டுரங்கனின் மனைவி பொன்னி சௌந்தரத்தின் குழுவில் இருக்கிறாள், போன வருஷம் அவள் பிரசவத்தில் உயிருக்குப் போராடியபோது ஜிப்மர் ஆஸ்பத்திரி வரை கூடப் போய் ஒன்பது நாள் இருந்தவள் சௌந்தரம். அது அப்பாதுரைக்கும் தெரியும். நன்றிக்காக ஒருத்தன் பேசுவான் என்பதுதான் அவர் புத்திக்கு எட்டவில்லை.

குழுவில் சௌந்தரத்தோடு இருபத்து மூன்று பேர். ஒவ்வொருத்தியும் தன் புருஷனைச் சரிக்கட்டுவது என்று பேச்சு. சௌந்தரம் மட்டும் அப்பாதுரையிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சொந்த வீட்டில் போய் யாராவது ஓட்டுக் கேட்பார்களா? அவர் அதையும் சந்தேகக் கணக்கில் சேர்த்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை கோயில் அறையில் இரண்டு பானை வைத்தார்கள். மஞ்சள் துணி சுற்றியது பரிமளாவுக்கு, சிவப்பு சௌந்தரத்துக்கு. போன தேர்தலில் பித்தளைக் குடம் வைத்து, எந்தக் குடம் சத்தம் போட்டது என்று வெளியே நின்றவர்கள் கண்டுபிடித்து அடிதடியானது. இந்தத் தடவை மண்பானையில் அடியில் மணலும் போட்டிருந்தார்கள். அது அப்பாதுரை சொன்ன யோசனைதான்.

அவர் கடைசியாக உள்ளே போனார். கதவைச் சாத்தியதும் பழக்கதோஷம், சிவப்புத் துணியை விலக்கிக் கையை உள்ளே விட்டார். விரலில் மணல் படவில்லை. கொட்டை மேல் கொட்டையாகக் குவிந்து கிடந்தது. இவ்வளவா? சதி உண்மைதான் என்று நினைத்தார். அவளை அவமானத்திலிருந்து காப்பாற்றத்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, தன் வீட்டுக் கொட்டையை மஞ்சள் பானையில் போட்டார்.

எண்ணினார்கள். பரிமளா இருபத்து மூன்று, சௌந்தரம் இருபத்திரண்டு.

குழுப் பெண்கள் விரல் விட்டு எண்ணிப் பார்த்தார்கள். ஒரு வீடு குறைகிறது. எந்த வீடு? லாரிக்காரன் வீடுதான் என்று எல்லோர் கண்ணும் பொன்னி மேல் திரும்பியது. பொன்னி அன்றே புருஷனோடு பேச்சை நிறுத்தினாள். அந்தப் பக்கம் சூளைக்காரரோ, டீக்கடையில் சௌந்தரத்தைப் புகழ்ந்தாயாமே என்று பாண்டுரங்கனிடமிருந்து லாரிச் சாவியை வாங்கிக்கொண்டார். பாவம், இரண்டு பக்கமும் அடி. ஐந்து நாள் அப்பாதுரை இதையெல்லாம் பார்த்துக்கொண்டு வாயைத் திறக்கவில்லை. ஊரில் எல்லோரையும் சந்தேகப்பட்ட மனிதரை ஊரில் ஒருவர்கூடச் சந்தேகப்படவில்லை.

வெள்ளிக்கிழமை காலை மாரியம்மன் சன்னிதியில் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்வதாகப் பாண்டுரங்கன் வந்து நின்றான். பொய்ச் சத்தியம் செய்தவன் குடும்பம் விளங்காது என்பது ஊரின் நம்பிக்கை. பொன்னி கைக்குழந்தையோடு தூணோரம் நின்றாள். அவன் ஒருத்தன் மட்டும் எதற்கு, குழுவில் இருக்கிறவர்களின் புருஷன்மார் எல்லோருமே அணைக்கட்டும் என்றாள் ஒருத்தி. அதுவும் சரிதான் என்றார்கள். அப்பாதுரை கூட்டத்தின் பின்வரிசைக்கு நகர்ந்தார்.

அப்போது சௌந்தரம் சொன்னாள்: "எங்க ஊட்டுக்காரரு வேணாம். அவரு என்னை சந்தேகப்படுவாரு. ஆனா எனக்குத் துரோகம் பண்ண மாட்டாரு."

கற்பூரம் ஏற்றினார்கள். பாண்டுரங்கன் கையை நீட்டினான். குழந்தை அழுதது. அப்பாதுரைக்கு அதற்கு மேல் தாங்கவில்லை, முன்னே போய் அவன் கையைப் பிடித்தார்.

"அணைக்காத பாண்டு. மஞ்சப் பானையில போட்டது நான்."

சௌந்தரம் அவரைப் பார்க்கவே இல்லை. நேராகப் பொன்னியிடம் போய் அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு மன்னிச்சிக்கோ என்றாள். பாண்டுரங்கனிடமும் சொன்னாள். பிறகு வீட்டுக்கு நடந்தாள். பத்தடி பின்னால் அப்பாதுரை போனார்.

வாசலில் அவரே ஆரம்பித்தார். கீழத்தெரு, மைத்துனன், பலியாடு என்று கோத்து வைத்திருந்ததையெல்லாம் சொன்னார். பானைக்குள் கை விட்டதையும் சொன்னார். அவள் கடைசி வரை குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க" என்றாள். "நான் தோத்துடுவேன்னு பயந்து அதுல போட்டிங்களா, ஜெயிச்சிடுவேன்னு பயந்து போட்டிங்களா?"

தோற்றுவிடுவாய் என்றுதான் என்று சொல்ல அப்பாதுரை வாயெடுத்தார். சிவப்புப் பானைக்குள் விட்ட கையைப் பார்த்தார். விரல் நுனியில் அந்தக் கொட்டைகள் இன்னும் உறுத்திக்கொண்டிருந்தன.