இரண்டு கரைக்கும் ஒரே கதவு

ராமேசுவரம் தீவின் தென்கரையில் முப்பத்தெட்டுக் குடும்பங்கள் பிழைக்கும் மணலைக் காலி நிலம் என்று வரைந்து வைத்திருக்கிறார்கள். வரைந்தவர் அந்த மணலில் ஒருநாளும் கால் வைத்ததில்லை.

சந்தேகத்தில் சொல்லவில்லை. தை மாதத்தில் மூன்று நாள் அங்கே இருந்துவிட்டு எழுதுகிறேன். எனக்குச் சொந்த ஊர் முதுகுளத்தூர். நகரமைப்பு படித்துவிட்டு, இப்போது மதுரையில் நிலப்பயன்பாட்டு வழக்குகளை மட்டும் நடத்தும் ஒரு வக்கீலிடம் வேலை பார்க்கிறேன். தீவுக்கான திட்ட வரைவில் தங்கள் கரைக்கு வாகன நிறுத்தம் வருகிறது என்று தெரிந்து, ஊர்க்காரர்கள் அவரைத் தேடி வந்தார்கள். ஆட்சேபம் சொல்லக் கடைசி நாள் வெள்ளிக்கிழமை. “போய் இடத்தைப் பார், அப்புறம் மனு எழுது” என்று என்னைப் புதன்கிழமை அனுப்பினார். இந்தத் துறையில் வேலை எப்படி இருக்கும் என்று எனக்கு எழுதிக் கேட்கும் மாணவர்களுக்கு இந்தப் பயணம்தான் பதில்.

மாட்டுத்தாவணியில் காலை 5.10 மணிப் பேருந்து. பாம்பனில் இறங்கும்போது 8.50. டிக்கெட் 150 ரூபாய். இடது பக்க ஜன்னலுக்குச் சண்டை போடாதீர்கள், பாலத்தில் இரண்டு பக்கமும் கடல்தான். அங்கிருந்து கரைக்கு ஏழு கிலோமீட்டர், ஆட்டோவுக்கு 200 ரூபாய். ஓட்டிய மிக்கேல் அந்த ஊர்க்காரர்தான். நான் வைத்திருந்த வரைபடக் குழாயைப் பார்த்தார்.

“சர்வேயா மேடம்?”

“போட்ட படம் சரியான்னு பார்க்க வந்திருக்கேன்ணே.”

“போன தடவ வந்தவகளும் இதே மாதிரி குழாயோடதான் வந்தாக. பாலத்துல நின்னு போட்டோ எடுத்தாக. அப்புறம் மீன் சாப்பாடு எங்கன நல்லாருக்கும்னு கேட்டாக. நாந்தேன் கொண்டுபோய் விட்டேன். கடைய மட்டும் நல்லா சர்வே பண்ணுனாக.”

நாங்கள் போனபோது கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். படகில் போய் வலையை அரைவட்டமாகக் கடலில் விட்டு வருகிறார்கள். அதன் இரண்டு கயிற்று நுனிகளையும் கரையில் இரண்டு கூட்டம் பிடித்து இழுக்கிறது. இழுக்க இழுக்க இரண்டு கூட்டமும் மணலில் பக்கவாட்டில் நகர்ந்து ஒன்றையொன்று நெருங்குகிறது. ஒரு கயிற்றுக்குத் தலைமை செல்வமேரி, வயது நாற்பதுக்கு மேல் இருக்கும்.

“ஏலே மிக்கேலு, யாரைக் கூட்டியாந்திருக்க? வேடிக்க பாக்கவா? கயித்தப் புடிக்கச் சொல்லு.”

பிடித்தேன். அரைமணி நேரத்தில் உள்ளங்கை உரிந்தது. பிறகு, கயிறுகள் முதலில் நின்ற இரண்டு இடங்களையும் காட்டச் சொல்லி நாடா வைத்து அளந்தேன். தொடங்கும்போது இரண்டு கயிறுகளுக்கும் நடுவே 340 மீட்டர். அத்தனை மணலும் வெறுமையாக இருந்தால்தான் வலை கரைக்கு வரும். பின்னால் மீன் காயும் இடம், அதற்குப் பின்னால் முப்பத்தெட்டுக் குடிசைகள். ஒவ்வொன்றின் வாசலிலும் நின்று இருப்பிடத்தைக் கைபேசியில் குறித்துக்கொண்டேன். இதற்கே மதியம் 1.40 ஆகிவிட்டது.

வரைவில் ஒட்டியிருந்த செயற்கைக்கோள் படத்தை விரித்தேன். வெள்ளை மணல். ஒரு குடிசை இல்லை.

செல்வமேரி எட்டிப் பார்த்தார். “எந்த மாசத்துப் படம்?”

தேடினேன். எந்தப் பக்கத்திலும் மாதம் போடவில்லை.

“சோழகத்துல எடுத்திருப்பான். அப்ப நாங்க வடகடல்ல கெடப்போம். இங்கன நண்டுதான் குடியிருக்கும்.”

வாடைக்காற்று அடிக்கும் ஐப்பசி முதல் பங்குனி வரை தீவின் வடகடல் கொந்தளிக்கும், தென்கடல் படுத்துக் கிடக்கும். தெற்கிலிருந்து சோழகக் காற்று வீசத் தொடங்கினால் எல்லாம் தலைகீழ். எனவே இந்தக் குடும்பங்கள் கம்பு, கீற்று, கதவு எல்லாவற்றையும் பிரித்து ஏற்றிக்கொண்டு வருடத்துக்கு இரண்டு முறை கரை மாறுகின்றன. இதில் ஒளிவுமறைவு எதுவும் இல்லை. தீவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

தப்பு எப்படி நடந்திருக்கும் என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது, ஏனென்றால் அதே தப்பை நானும் செய்திருக்கிறேன். சென்னையில் ஒரு நிறுவனத்தில் ஒன்றரை ஆண்டு திரை முன்னால் உட்கார்ந்து, நிலப்பயன்பாட்டு வரைபடங்களில் ஊர்களுக்கு வண்ணம் பூசினேன். மேகம் மறைக்காத படம்தான் வேலைக்கு வசதி. ஆகவே வாடை மாதங்களின் படங்களைத் தள்ளிவிட்டு, வானம் தெளிந்த மாதங்களின் படத்தை எடுப்போம். மணல் தெரிந்தால் காலி நிலம். அங்கே இருக்க வேண்டியவர்கள் அந்த மாதம் எங்கே போயிருந்தார்கள் என்று நான் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. செல்வமேரி முதல் கேள்வியாகவே அதைக் கேட்டார்.

மீதிப் பக்கங்களைப் புரட்டும்போது வடகரை ஆக்கிரமிப்புகள் என்று ஒரு புகைப்படப் பட்டியல் வந்தது. மூன்றாவது படத்தில் அவர் விரல் வைத்தார்.

“இது எங் கதவுல்ல?”

நிமிர்ந்து பார்த்தேன். பழைய படகுப் பலகையில் அறுத்த நீலக் கதவு. நடுவில் வெள்ளைச் சிலுவை, அடியில் படகின் பதிவெண்ணில் பாதி. படத்தில் இருந்த அதே கதவு என் எதிரே, அதே கீலில், தென்கரைக் குடிசையில் ஆடிக்கொண்டிருந்தது. மிக்கேல் இன்னொரு 150 ரூபாய்க்கு என்னை வடகரைக்கும் கூட்டிப்போனார். அங்கே கம்பு நட்ட குழிகள் மட்டும் இருந்தன. ஒரே குடும்பம் தெற்கே இல்லாதவர்கள், வடக்கே ஆக்கிரமிப்பாளர்கள். ஒரே ஆவணத்தில், பதினான்கு பக்க இடைவெளியில்.

அன்று ராமேசுவரத்தில் 700 ரூபாய் விடுதி. வியாழக்கிழமை முழுவதும் மனு எழுதி வீடு வீடாகக் கையெழுத்து வாங்கினேன். வெள்ளிக்கிழமை காலை 8.15க்கு ராமநாதபுரம் பேருந்து. செல்வமேரி கதவைக் கழற்றித் தலையில் வைத்துக்கொண்டு வந்து சேர்ந்தார். நான் கேட்கவில்லை. அவராக எடுத்த முடிவு.

நடத்துனர் கதவைத் தட்டிப் பார்த்தார். “ஏம்மா, இது நிக்கிற டிக்கெட்டா உக்கார்ற டிக்கெட்டா?”

“சாச்சி சொல்ல வருது. பாத்து ஏத்து.”

சுமைக் கட்டணம் 30 ரூபாய்.

ராமநாதபுரம் அலுவலகத்தில் ஆட்சேப விசாரணை 11 மணி என்று போட்டு 12.25க்கு அழைத்தார்கள். அதிகாரி பொறுமையாகத்தான் பேசினார். “வரைபடம் கன்சல்டன்ட் கொடுத்ததும்மா. ஆபீஸ்ல இருக்கிற ஆளுக்கு எல்லா கரைக்கும் போய்ப் பாக்க முடியுமா?”

“வேணாம் சார்,” என்றார் செல்வமேரி. “அதான் நானே தூக்கியாந்துட்டேன்.”

கதவைச் சுவரில் சாய்த்து, பக்கத்தில் அவர்களுடைய புகைப்படத்தைப் பிடித்தேன். இரண்டு கேட்டேன். தென்கரைப் படம் எந்த மாதம் எடுத்தது என்று எழுதித் தர வேண்டும். வாடை முடிவதற்குள் ஒருவரை அந்தக் கரைக்கு அனுப்ப வேண்டும். அதிகாரி கதவைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார், மனுவின் நகலில் முத்திரை வைத்துத் தந்துவிட்டு அடுத்த கோப்பைத் திறந்தார்.

இந்த வேலைக்கு வர நினைப்பவர்கள் முதலில் ஒரு நல்ல அளவு நாடா வாங்குங்கள். மென்பொருளை அலுவலகத்தில் சொல்லித்தருவார்கள். நிலப்பயன்பாட்டு வரைபடம் கையில் வந்தால் அதில் மாதம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். ஆட்சேபத்தை வாயால் சொல்லிவிட்டு வராதீர்கள். நகலில் முத்திரை வாங்காத மனு கொடுக்காத மனுதான். கரைக்குப் போவதானால் வாடையில் ஒருமுறை, சோழகத்தில் ஒருமுறை போங்கள். இரண்டு பயணமும் சேர்த்து ஒரு கடற்கரைச் சொகுசு விடுதியின் ஒரு நாள் வாடகைகூட ஆகாது. சட்டம் படித்தவர்களும் நகரமைப்பு படித்தவர்களும் சேர்ந்தே போங்கள். தனித்தனியாகப் போனால் ஒருவர் மண்ணைப் பார்க்க மாட்டார், இன்னொருவர் விதியைப் பார்க்க மாட்டார்.

மாசி பாதி போய்விட்டது. மூன்று நினைவூட்டல் கடிதம் அனுப்பியாயிற்று. யாரும் வரவில்லை என்று நேற்றும் மிக்கேல் தொலைபேசியில் சொன்னார். பங்குனி முடிந்தால் அந்த நீலக் கதவு வடக்கே போய்விடும். அதற்குப் பிறகு வருகிறவருக்கு அங்கே மணல்தான் தெரியும், படம் சரி என்று எழுதிவிட்டுப் போவார்.

அதனால் இங்கேயும் கேட்கிறேன். அந்தப் படம் எந்த மாதம் எடுத்தது?