டீசல் ஜன்னலில் ஒரு முழங்கை

ரயில்வே எல்லைக்குள் முன் அனுமதியின்றிப் புகைப்படம் எடுக்கக் கூடாது. அனுமதி வேண்டுவோர் யாரை, எந்த நாளில், எதற்காகப் படமெடுக்கப் போகிறார்கள் என்று குறிப்பிட்டு உரிய அலுவலருக்கு எழுத்து மூலம் விண்ணப்பிக்க வேண்டும். விதி இவ்வளவுதான். முப்பத்து நான்கு வருடம் அரசாங்கக் கோப்புகளோடு குடித்தனம் நடத்தி ஓய்வு பெற்றவள் நான். இதைவிடத் தெளிவான விதியையும் பார்த்ததில்லை, இதைவிட அதிகமாக மீறப்பட்ட விதியையும் பார்த்ததில்லை.

புதுச்சேரி உழவர்கரையில் எங்கள் தெருவில் இருக்கும் கம்ப்யூட்டர் உத்தியோகஸ்தர் ஒருவர், விடுமுறை நாளில் பைக்கை எடுத்துக்கொண்டு பழைய டீசல் இன்ஜின் இழுக்கும் சரக்கு ரயில்களைத் துரத்திப் போகிறார். தண்டவாளத்துக்கு மேலே மின்கம்பி வந்துவிட்டது. டீசல் இன்னும் எத்தனை நாளோ என்று அவருக்குக் கவலை. திரும்பி வந்ததும் கைப்பேசியில் படங்களைக் காட்டுவார். முட்டி வலியோடு வாசல் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவளுக்குப் பார்க்க வேறென்ன இருக்கிறது? பார்ப்பேன். "உங்க காலத்துல யார்னா இப்டி கூட்ஸ் பின்னால போயிருக்காங்களா ஆன்ட்டி?" என்று போன வாரம் கேட்டார். போயிருக்கிறோம் என்றேன். நான் நான்காம் வகுப்பு படித்தபோது, ஸ்கூட்டரில்.

அப்போது டீசல் புத்தம் புதுசு. புதுச்சேரிக்கு வந்த சின்ன ரயில்பாதையில் அதுவரை கரி இன்ஜின்தான். அப்பாவின் தம்பி, அதாவது என் சித்தப்பா, விழுப்புரத்தில் அந்தக் கரி இன்ஜினில் அடுப்புக்குக் கரி வாரிப் போடும் ஃபயர்மேன். டீசல் வந்ததும் கரிக்காரர்களுக்குப் பயிற்சி கொடுத்துத் தேர்வு வைத்தார்கள். சித்தப்பாவும் எழுதினார். ஒரு நாள் வீட்டுக்கு வந்து, பாஸாகிவிட்டேன், இனி டீசலில் உதவி ஓட்டுநர் என்றார். அம்மா கேசரி கிண்டினாள்.

கையோடு தவளக்குப்பத்தில் பெண் பார்த்தார்கள். பெண்ணின் அப்பா விவசாயி. அவருடைய மூத்த மருமகனும் கரி இன்ஜினில் வேலை பார்த்தவர். இருமி இருமியே போய்ச் சேர்ந்தவர். "மூத்தவள கரிக்குக் குடுத்துட்டு நிக்கிறேன். சின்னவள டீசல்காரனுக்குத்தான் குடுப்பேன். இன்ஜின்ல உக்காந்துகினு இருக்கிற போட்டோ ஒண்ணு காட்டுங்க, தட்டு மாத்திக்கலாம். பொய்யின்னு தெரிஞ்சா தாலி ஏறியிருந்தாலும் கூட்டிகினு பூடுவேன்" என்றார். அவர் சிரிக்காமல் சொன்னதால் யாரும் சிரிக்கவில்லை.

அப்பா பிரெஞ்சுக்காரன் காலத்துப் பள்ளியில் படித்தவர், மேரி என்று நாங்கள் சொல்லும் நகராட்சி அலுவலகத்தில் குமாஸ்தா. எந்தக் காரியத்தையும் மூன்று பிரதியில் தொடங்குவார். தம்பியின் பெயர், பணி எண், படம் எடுக்க வேண்டிய காரணம் எல்லாவற்றையும் எழுதி ரயில்வே மேலிடத்துக்கு மனு அனுப்பினார். ஒரு மாதம் போனது. அம்மாவின் தம்பி, என் மாமா, ஒரு போட்டோ ஸ்டுடியோவில் வேலை பார்த்தார். அவருக்குப் பொறுமை கிடையாது. என் அப்பாவை அவரும் மாமா என்றுதான் கூப்பிடுவார்.

"பதில் வரட்டும் மச்சான்" என்றார் அப்பா.

"அது வர்றதுக்குள்ள அந்தப் பொண்ணுக்குப் பேரன் பொறந்துடுவான் மாமா."

"ரூல் இன்னா சொல்லுதுன்னா..."

"ரூலெல்லாம் ஸ்டேஷனுக்குள்ள. நான் ரோட்டுல நின்னுகினு மாட்ட போட்டோ எடுப்பேன். குறுக்கால ரயில் வந்தா நான் இன்னா பண்ண?"

எந்த நாள் வண்டியில் வருவாய் என்று சித்தப்பாவைக் கேட்டார்கள். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே, "இதெல்லாம் எதுக்கு?" என்றார். மாமா விடவில்லை. கடைசியில், "புதன்கிழமை" என்று தட்டைப் பார்த்துச் சொன்னார்.

அந்தப் புதன்கிழமை எனக்குப் பள்ளி விடுமுறை. கேமராப் பையைப் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று மாமா என்னை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டார். காலையில் உர மூட்டைகளோடு வந்த சரக்கு ரயில் மூட்டைகளை இறக்கிவிட்டு நண்பகலில் விழுப்புரம் திரும்பும். வில்லியனூர் கேட்டில் நின்றோம். எந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்று மாமா பழைய வழக்கப்படி கணக்குப் போட்டார். கரி இன்ஜினைத் திருப்பி நிறுத்திவிட்டுத்தான் கிளப்புவார்கள். அதன் மூக்கு எப்போதும் முன்னால் இருக்கும். டீசலுக்குத் திரும்ப வேண்டிய அவசியமே இல்லை என்பது அவருக்குத் தெரியாது. அது வந்தபடியே பின்பக்கமாகத் திரும்பிப் போனது. இடம் வலமாகி, வலம் இடமாகி, மாமா கேமராவைத் தூக்கிய ஜன்னலில் வழுக்கைத் தலை ஓட்டுநர் ஒருவர் எங்களுக்குக் கையாட்டிவிட்டுப் போனார்.

"ஏறு பாப்பா" என்றார் மாமா.

துரத்தினோம். சின்னப் பாதை சரக்கு ரயில் அவ்வளவு வேகமில்லை. எங்கள் ஸ்கூட்டரும் அவ்வளவு வேகமில்லை. போதாக்குறைக்கு எல்லைச் சாவடியில் போலீஸ்காரர் மறித்தார். புதுச்சேரியிலிருந்து பையோடு யார் போனாலும் அவருக்கு அது பாட்டில்தான்.

"பையில இன்னா, பிராந்தியா?"

"கேமரா சார்."

"எல்லாம் அப்டித்தான் சொல்றானுங்க. தெற அத."

"தெறந்தா ஃபிலிம் பூடும் சார்."

"அப்ப அதுக்குள்ளதான் வச்சிருக்கியா?"

நான் அழுதேன். திட்டம் போட்டு அழவில்லை. ஆனால் திட்டம் போட்டிருந்தால்கூட அவ்வளவு நன்றாக வந்திருக்காது. போலீஸ்காரர் போ போ என்றார்.

கண்டமங்கலம் தாண்டி ரயில் கைகாட்டிக்காகக் காத்து நின்றது எங்கள் அதிர்ஷ்டம். பாதையைக் கடந்து அந்தப் பக்கம் ஓடி, சரளைக் கல் மேட்டில் மாமா மூச்சு வாங்க நின்றபோது வண்டி நகர ஆரம்பித்துவிட்டது. ஜன்னலில் முகம் இல்லை. ஒரு முழங்கை மட்டும் வெளியே கிடந்தது. மாமா அழுத்தினார். அதுவே கடைசி ஃபிலிம். பிறகு குனிந்து கேமராவுக்குள் ஃபிலிமைச் சுற்றத் தொடங்கினார்.

காலி வேகன்கள் ஒவ்வொன்றாகப் போய், கடைசியில் கார்டு பெட்டி வந்தது. அதன் படியில் நீலச் சட்டையும் கரிபடிந்த கால்சட்டையுமாக, சாப்பாட்டுத் தூக்கை மடியில் வைத்துக்கொண்டு சித்தப்பா உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்தார். அவர் முகம் ஒரு மாதிரி ஆனது. விரலை உதட்டில் வைத்தார். நானும் வைத்தேன். கண்ணாமூச்சி என்று நினைத்தேன். சித்தப்பா அவ்வளவு பெரிய ஆளாகிவிட்டார், முன்னால் உட்காருவதும் பின்னால் உட்காருவதும் அவர் இஷ்டம் என்று எனக்குப் பெருமையாக இருந்தது. மாமா நிமிர்ந்தபோது வண்டி தூரப் போயிருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. வாக்கு வாக்குதானே.

படத்தைக் கழுவினால் நீளமான இன்ஜின், அதில் ஒரு முழங்கை. "அவன் கைதான், பார்த்தாலே தெரியுது" என்றாள் அம்மா. தம்பி பிறந்ததிலிருந்து அந்தக் கையைப் பார்க்கிற அப்பாவோ, விதிமீறிய படத்தைப் பார்ப்பதில்லை என்று இரண்டு நாளாக விரதம் இருந்தார். பெண்ணின் அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெளிச்சத்துக்குப் போய் நின்று பார்த்தார்.

"சட்டக் கை வெள்ளையா இருக்குது. கரிக்காரன் கை இப்டி இருக்காது. போதும்" என்றார்.

ஒரு முழங்கையின் பேரில் நிச்சயதார்த்தம் ஆனது. தையில் கல்யாணம்.

தேவை தீர்ந்த மனுவைத் திரும்பப் பெற வேண்டும் என்பதும் விதிதான். அப்பா அதை மட்டும் செய்யவில்லை. பதில் வராத மனு என்றால் அவருக்குத் தொண்டையில் முள் சிக்கின மாதிரி. கல்யாண வேலைகளுக்கு நடுவிலும் முந்தைய மனுவின் தேதியைச் சுட்டி ஒரு நினைவூட்டல் அனுப்பினார். முள்ளை எடுக்காமல் இருப்பதும் சில சமயம் நல்லது என்பதை நான் என் சர்வீஸில் வெகு தாமதமாகத்தான் கற்றுக்கொண்டேன்.

சித்தி எங்கள் வீட்டுக்கு வந்த முதல் வாரத்தில், கொல்லைப்புறத்தில் சித்தப்பாவின் துணியைத் துவைத்துக்கொண்டிருந்தாள். கல்லிலிருந்து ஓடிய தண்ணீர் மை மாதிரி இருந்தது.

"ஏன் சித்தி தண்ணி இவ்ளோ கறுப்பா போவுது?"

சித்தி கையை நிறுத்தினாள். சமையலறைப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். "டீசல் புகையும் கறுப்புத்தான் பாப்பா" என்று சொல்லிவிட்டு இரண்டு குடம் தண்ணீரை மடமடவென்று ஊற்றிக் கல்லைக் கழுவினாள். அதற்குப் பிறகு அவர் துணியை அவள் யார் கையிலும் கொடுத்ததில்லை. விடிவதற்குள் துவைத்து, சுவரோரம் தன் புடவைக்குப் பின்னால் காயப்போட்டுவிடுவாள். புதுப் பெண்ணின் ஆசை என்று அம்மா கேலி செய்தாள். சித்தியும் வெட்கப்படுகிற மாதிரி தலையைக் குனிந்துகொள்வாள்.

பிறகு ரயில்வேயிலிருந்து கடிதம் வந்தது. அப்பா அதை நின்றபடியே படித்தார். மறுபடி படித்தார். "இன்னா எழுதியிருக்காங்க?" என்றாள் அம்மா. "அனுமதி இல்லியாம்" என்றார். வந்த கடிதத்தில் எண் போட்டுக் கோப்பில் சேர்க்கும் மனிதர், அன்றைக்கு அதை நான்காக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார். அவர் காலமான பிறகு அலமாரி அடியில் விரித்த காகிதத்துக்குக் கீழேதான் நான் அதைக் கண்டெடுத்தேன். மேற்படி ஊழியர் டீசல் தேர்வில் தேர்ச்சி பெறவில்லை, நீராவிப் பிரிவிலேயே பணிபுரிகிறார், ஆகவே தாங்கள் கோரிய அனுமதி குறித்த கேள்வி எழவில்லை. மூன்று வரி. பிழையில்லாத ஆங்கிலம்.

கடிதம் வந்த அன்று அப்பா கொல்லைப்புறம் போனார். நானும் பின்னால் போனேன். சித்தி துணி எடுத்துக்கொண்டிருந்தாள். அவரைக் கண்டதும் நீலச் சட்டையைப் புடவைக்குள் சுருட்டி மார்போடு அணைத்துக்கொண்டாள். அப்பாவின் கை சட்டைப்பையின் மேல் இருந்தது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். "மழ வர்றாப்ல இருக்கும்மா" என்றார் அப்பா. "ஆமாங்க மாமா" என்றாள் சித்தி. வானத்தில் ஒரு துண்டு மேகம்கூட இல்லை. பெரியவர்களுக்கு இதுகூடத் தெரியவில்லையே என்று நான் சிரித்தேன். அன்றைக்கு மாசி பதினெட்டு. கல்யாணமாகி இருபத்தாறாம் நாள்.